இளந்தளிர்ப் பச்சைச் சுடர்

பாசி எரிபொருள் வாரியத்தில் பாசி வளர்ந்ததோ இல்லையோ, குழுக்கள் செழிப்பாக வளர்ந்தன. பாசிக்கு வெயில் வேண்டும், தண்ணீர் வேண்டும், ஆள் நின்று கிண்டிவிட வேண்டும். குழுவுக்கு ஒரு மேஜையும் சூடாகத் தேநீரும் போதும். தொட்டிக் குழு, வடிகட்டல் குழு, உலர்த்தல் குழு, உலர்த்தல் குழு ஏன் கூடவே இல்லை என்று விசாரிக்கிற குழு என்று வாரியத்தின் மாடிகள் நிரம்பிக் கிடந்தன. கீழே, கட்டடத்தின் பின்பக்கம், நீளநீளமான தொட்டிகளில் பாசி தன்பாட்டுக்கு மிதந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க அதிகாரிகள் இறங்கி வருவதில்லை. மூக்கு தாங்காது என்பார்கள்.

பாசியை வளர்ப்பது, அதிலிருந்து எண்ணெய் எடுப்பது, அந்த எண்ணெயை எரிப்பது, எரித்து உலகத்தைக் காப்பது. வாரியத்தின் நோக்கம் இப்படித்தான் வாசல் சுவரில் ஆளுயர எழுத்தில் இருந்தது. இதில் எரிப்பது ஸ்டிரைக்கரின் வேலை. உலகத்தைக் காப்பதை இயக்குநர் கவனித்துக்கொண்டார்.

ஸ்டிரைக்கர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வாரியத்தின் மனமகிழ் மன்றத்தில் ஒரு கேரம் பலகை உண்டு. மதிய இடைவேளையில் அவர் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டால் சிவப்புக் காய் அவர் சொன்ன குழியில்தான் போய் விழும். அந்தப் புகழில், காயை அடிக்கிற வட்டின் பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது. ஏட்டில் அவர் 'பர்னர் இயக்குபவர், தற்காலிகம்'. தற்காலிகமாகவே தலைமுடி நரைத்துவிட்டது. பார்வையாளர் வந்தால் கண்ணாடி அறைக்குள் போய், பர்னரின் கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைப்பார். பர்னர் சூடேறியதும் பாசி எண்ணெய்க் குழாயைத் திறப்பார். மஞ்சளாக ஒரு சுடர் எழும். வந்தவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பிஸ்கட் இருக்கிற அறைக்குப் போவார்கள்.

அந்த எண்ணெயை எடுத்துக் கொடுத்தவர் சொட்டு மேடம். வாரியத்தில் வேதியியல் தெரிந்த ஒரே ஆள் என்று சொல்ல முடியாது, வேதியியல் செய்த ஒரே ஆள் என்று சொல்லலாம். எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்குவதைக் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர். அவரும் ஒப்பந்த ஊழியர்தான். ஒருநாள் ஸ்டிரைக்கர், இதை எரித்தாலும் புகைதானே வருகிறது, பிறகு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டுவைத்தார். மேடம் கோபித்துக்கொள்ளவில்லை.

"மண்ணுக்கடியில கிடந்ததைத் தோண்டி எரிச்சா, இல்லாத புகையைப் புதுசா கொண்டுவந்து காத்துல சேர்க்கறோம். பாசி அப்படி இல்லை. போன மாசம் காத்துல இருந்து இழுத்து உடம்பு வளர்த்துச்சு. இந்த மாசம் எரியும்போது அதையே காத்துக்குத் திருப்பி விடுது. மறுபடி தொட்டியில இருக்கற பாசி அதை இழுக்கும். சுத்திச் சுத்தி அதேதான்."

இதில் ஒரே ஒரு இடக்கு இருந்தது. பாசி முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். எண்ணெய் எடுக்க அதை உலர்த்த வேண்டும். ஒரு கேன் பாசி எண்ணெய் எடுப்பதற்குள் உலர்த்தும் இயந்திரம் அதைவிட அதிகமாக டீசலைக் குடித்துவிடும். வாரியம் இதை நஷ்டம் என்று சொல்வதில்லை, 'ஆரம்பகட்ட அனுபவம்' என்று சொல்லும். சொட்டு மேடம் மட்டும் உலர்த்தாமல், ஈரப் பாசியிலிருந்தே எண்ணெயைப் பிரிக்க வழி தேடிக்கொண்டிருந்தார். அது கைகூடினால் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பாய்லரை அதைக் கொண்டே எரிக்கலாம் என்று கனவு. அந்த ஒரு சோதனை தேறினால் மேடத்துக்கு வேலை நிலைக்கும், எண்ணெயும் வெளியுலகத்தைப் பார்க்கும். தேறாவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது, மூட்டை கட்ட வேண்டியதுதான். இது ஸ்டிரைக்கருக்கு நன்றாகத் தெரியும். மேடம் ஒளிவுமறைவு இல்லாதவர்.

அந்த நாள் மதியம் கேரம் ஆட்டம் முற்றியிருந்தது. பலகையில் காய் வழுக்கிப் போகப் போரிக் பவுடரைத் தாராளமாகத் தூவியிருந்தார்கள். ஸ்டிரைக்கரின் கையெல்லாம் வெள்ளை, சட்டை முனையெல்லாம் வெள்ளை. அப்போது பியூன் ஓடிவந்து, இயக்குநர் வெளியூர் விருந்தாளிகளோடு கண்ணாடி அறைக்கு வந்துவிட்டார் என்றார். கை கழுவ ஏது நேரம்? ஸ்டிரைக்கர் விழுந்தடித்து ஓடினார். பதற்றத்தில் ஸ்பிரிட்டைக் கிண்ணம் வழிய ஊற்றி, கையை அதன் மேலேயே தட்டித் துடைத்துக்கொண்டு, தீக்குச்சியைக் கிழித்தார்.

சுடர் பச்சையாக எழுந்தது. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. கண்ணாடிக்கு வெளியே எல்லோரும் வாயடைத்து நின்றார்கள். ஸ்டிரைக்கரும்தான். இயக்குநர் மட்டும் அயர்வதில்லை. எது நடந்தாலும் தான் எதிர்பார்த்ததுதான் நடந்தது என்று முகத்தை வைத்துக்கொள்ளும் பயிற்சி அவருக்கு உண்டு, அந்தப் பயிற்சியால்தான் இயக்குநர் ஆனார்.

"பாசி என்ன நிறம்? பச்சை. அப்போ அதோட சுடர் என்ன நிறமா இருக்கணும்? பச்சையா இருக்கணும். இவ்வளவு நாளா அது மஞ்சளா எரிஞ்சுச்சுன்னா, அது பாசியோட குறை இல்லை, நம்ம நிர்வாகத்தோட குறை. அந்தக் குறையை நான் சரி பண்ணிட்டேன்" என்றார் இயக்குநர். விருந்தாளிகள் கைதட்டினார்கள். அப்படியானால் கத்தரிக்காய் ஊதாவாக எரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

ஸ்டிரைக்கர் மறுநாள் காலையில் ஆள் வருமுன் பர்னரைச் சுத்தமாகத் துடைத்துப் பற்றவைத்துப் பார்த்தார். மஞ்சள். மன்றத்திலிருந்து ஒரு சிட்டிகை பவுடர் கொண்டுவந்து ஸ்பிரிட்டில் போட்டார். பச்சை. அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அட, கேரம் பவுடரா என்று தனியாகச் சிரித்தார். இயக்குநரிடம் சொன்னால் அவரும் சிரிப்பார் என்று நினைத்தார். அப்பாவி மனிதர்.

சொல்லத்தான் போனார். இயக்குநர் அறையில் அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அந்த நாற்காலியில் அவர் அதுவரை உட்கார்ந்ததே இல்லை, அதைத் துடைத்துத்தான் இருக்கிறார். தேநீர் வந்தது. இயக்குநர், எப்படி வந்தது என்று கேட்கவில்லை. "மறுபடி வருமா?" என்று மட்டும் கேட்டார். கூடவே, தற்காலிகம் என்ற சொல் தனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்றும் பொதுவாகச் சொல்லிவைத்தார்.

"வரும் சார்" என்றார் ஸ்டிரைக்கர்.

தேநீர் நன்றாக இருந்தது. படியிறங்கும்போது அவருக்குக் கூச்சமாக இருந்தது. இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்தவை மளமளவென்று நடந்தன. ஸ்டிரைக்கர் 'சுடர்க் காப்பாளர்' ஆனார், நிரந்தரம். வெள்ளை அங்கி கொடுத்தார்கள், கையுறை கொடுத்தார்கள், கண்ணாடி அறைக்குள் போகுமுன் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று விதி போட்டார்கள். எது சரியான பச்சை என்று தீர்மானிக்க நிறக் குழு அமைந்தது. குழுவினர் பெயின்ட் கடைக்குப் போய், சுவருக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கிற அட்டையை வாங்கிவந்தார்கள். கிளிப்பச்சையா, இளந்தளிர்ப் பச்சையா என்று பெரிய பிணக்கு. இரண்டு உறுப்பினர்கள் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. கடைசியில் இளந்தளிர் வென்றது. குழுத் தலைவருக்குப் பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாது என்பது அப்புறம்தான் வெளியே வந்தது. எந்தப் பக்கமும் சாயமாட்டார் என்று அவரையே தொடரச் சொல்லிவிட்டார்கள்.

அந்த அட்டையைச் சங்கிலியில் கோத்துக் கண்ணாடி அறையில் தொங்கவிட்டார்கள். சுடரின் பக்கத்தில் அட்டையைப் பிடித்து, "பொருந்துகிறது" என்று உரக்கச் சொல்வது சுடர்க் காப்பாளரின் கடமை. அவர் சொன்ன பிறகுதான் அது பாசிச் சுடர். இளந்தளிர்ப் பச்சையில் எரியாத எதுவும் பாசி எரிபொருள் ஆகாது என்று விதியும் அச்சாகி வந்தது.

இதில் ஒரு சங்கடம். பாசி எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் சுடர் மஞ்சளுக்குத் திரும்பிவிடும். எண்ணெய்க்கு அதுதான் குணம். ஆகவே ஸ்டிரைக்கர் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கிவந்தார். ஒருநாள் அடியோடு மூடிவிட்டார். ஸ்பிரிட்டும் கேரம் பவுடரும் மட்டும் எரிந்தன. அட்டையோடு அச்சு அசலாகப் பொருந்தியது. இதுவரை வந்ததிலேயே தூய்மையான பாசிச் சுடர் என்று நிறக் குழு குறிப்பு எழுதியது.

மன்றத்துச் செயலாளர் மட்டும், பவுடர் டப்பா டப்பாவாகக் காலியாகிறதே என்று முணுமுணுத்தார். விசாரணைக் குழு உட்கார்ந்தது. ஊழியர்கள் இவ்வளவு கேரம் ஆடுவது அவர்கள் உற்சாகமாக இருப்பதைக் காட்டுகிறது என்று முடிவு செய்து, இன்னொரு பலகை வாங்கிப் போட்டது.

அமைச்சர் வந்தார். சுடரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, நல்ல மனிதர், நியாயமான ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல ஏதாவது சூடு ஏத்த முடியுமா?"

"சூடு அடுத்த கட்டம் சார். முதல் கட்டம் நிறம். அவசரப்பட்டுச் சூட்டுக்குப் போயிடக் கூடாது" என்றார் இயக்குநர்.

அமைச்சர் தலையாட்டினார். சுடரோடு படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் பத்திரிகையில் வந்தது, பிறகு பள்ளிக்கூடத்து அறிவியல் பாடப் புத்தகத்திலும் ஏறிவிட்டது. அமைச்சர் முகமும் பச்சைச் சுடரும், ஓரத்தில் அட்டையைப் பிடித்த ஒரு கையுறையும். கீழே ஒரு வரி: பாசி எரியும்போது இளம்பச்சை நிறத்தில் எரியும்.

அந்தக் கையுறை தன் அப்பாவுடையது என்று ஸ்டிரைக்கரின் மகள் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். சாயங்காலம் ஸ்டிரைக்கர் வீட்டுக்கு வந்து தரையில் காலை நீட்டி உட்கார்ந்ததும், அவள் வந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டுதான் பாடம் படிப்பாள். சின்ன வயதிலிருந்து அப்படி. இப்போது அந்தப் பக்கம் வந்ததும் படத்தின் ஓரத்தை விரலால் தடவிக் காட்டுவாள். மனைவி வெள்ளை அங்கிக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து, தெரு பார்க்கும்படி வாசல் கொடியில் தொங்கவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரைப் பார்த்தால் இப்போது வழிவிட்டு நின்றார்கள். ஒவ்வொரு முறையும் அவருக்கு உடம்பு கூசியது. யாராவது "என்ன சார், சுடர் எப்படி இருக்கு?" என்று கேட்டால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாததை விசாரித்ததைப் போல, "இருக்கு, இருக்கு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.

அவருக்குச் சொட்டு மேடத்தின் முகத்தைப் பார்ப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. மேடம் ஒன்றும் கேட்டதில்லை. முன்பு எண்ணெய்க் கேனைக் கொண்டுவந்து கொடுக்கும்போது இரண்டு வார்த்தை பேசுவார். இப்போது கேன் தேவைப்படவில்லை, பேச்சும் இல்லை. ஸ்டிரைக்கர் கேரம் ஆடுவதையும் விட்டிருந்தார். பலகைமேல் பவுடரைப் பார்த்தாலே மனது என்னவோ செய்தது.

இந்தச் சமயத்தில்தான் மேடத்தின் எண்ணெய் கைகூடியது. ஈரப் பாசியிலிருந்தே நேராக இறங்கியது, உலர்த்தும் இயந்திரத்தைத் தொடவே இல்லை. சொட்டுச் சொட்டாக இல்லை, கேன் கேனாக. அதைத் தள்ளுவண்டியில் வைத்து மதிலைச் சுற்றி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குக் கொண்டுபோனார். அங்கே துணிகளுக்குப் பொறுப்பான அக்கா, வந்த மகராசி எதையாவது ஊற்றட்டும், தண்ணீர் கொதித்தால் சரி என்று பாய்லரைத் திறந்துவிட்டார். டீசல் தட்டுப்பாட்டில் பாதிக் கொதியில் துவைத்து, கறை போகாத விரிப்புகளையே நோயாளிகளுக்குப் போட்டுப் போட்டு அவருக்கு அலுத்துப் போயிருந்தது.

பாய்லர் எரிந்தது. நன்றாகவே எரிந்தது. இயக்குநர் தலைமையில் மதிப்பீட்டுக் குழு வந்த காலையில் சலவைக்கூடம் முழுக்க ஆவி. தொட்டியில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. வெளுத்த விரிப்புகள் மேஜையில் மடித்து அடுக்கியிருந்தன. சலவை அக்கா ஒன்றை எடுத்து இயக்குநரின் மூக்குக்கு நேரே நீட்டி, முகர்ந்து பார்க்கச் சொன்னார். இயக்குநர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். குழுவினர் பாய்லரின் சின்னக் கண்ணாடி வழியாக ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். உள்ளே சுடர் மஞ்சளாக, அடக்கமாக, ஆடாமல் எரிந்தது. குனிந்தவர்கள் நிமிரும்போது முகம் மாறியிருந்தது.

"மேடம், இது மஞ்சளா இருக்கே" என்றார் இயக்குநர்.

"எண்ணெய் அப்படித்தான் சார் எரியும். தண்ணி கொதிக்குதான்னு பாருங்க."

"தண்ணி கொதிக்குதான்னு பார்க்க நாங்க வரலை. துணி வெளுத்துச்சான்னு பார்க்கவும் வரலை. அதுக்கு வேற துறை இருக்கு. பாசிச் சுடருக்குன்னு ஒரு நிறம் இருக்கு, உலகத்துக்கே நாமதான் அதைச் சொல்லியிருக்கோம். பாடப் புத்தகத்துல குழந்தைங்க படிக்கறாங்க. உங்க ஒரு பாய்லருக்காகக் குழந்தைங்க படிச்சதைப் பொய்யாக்கச் சொல்றீங்களா? மனசாட்சி இருக்கறவங்க பேசற பேச்சா இது?"

கூட வந்த ஒருவர், இது சமையல் எண்ணெயாகக்கூட இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். இன்னொருவர், நேர்மையாக எரிகிற எதுவும் இவ்வளவு அமைதியாக எரியாது என்றார். சலவை அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவர் குழுவில் இல்லை என்று அடக்கிவிட்டார்கள். இயக்குநர் திரும்பிப் பார்த்தார். சங்கிலி அட்டையைக் கழற்றி வெள்ளைத் துணியில் பொதிந்து எடுத்துக்கொண்டு, வெள்ளை அங்கியில் ஸ்டிரைக்கர் பின்னால் நின்றிருந்தார்.

"நாம யாரும் நிறத்தைப் பத்திச் சொல்ல வேண்டாம். அதுக்கு உரியவர் இருக்கார். சுடர்க் காப்பாளர் சொல்லட்டும்" என்றார் இயக்குநர்.

ஸ்டிரைக்கர் பாய்லர் முன்னால் குனிந்தார். கண்ணாடியின் வெப்பம் முகத்தில் அடித்தது. கண்ணாடி அறையில் தான் பற்றவைத்த எந்தச் சுடரும் இப்படிச் சுட்டதில்லை என்று அவருக்குத் தோன்றியது. அட்டையை உயர்த்திப் பிடித்தார். ஒரே ஒரு வார்த்தை போதும். கேரம் பவுடர் சார், அவ்வளவுதான் சார் என்று சொன்னால் மேடம் பிழைத்துக்கொள்வார். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. வாசல் கொடியில் தொங்குகிற அங்கியும், படத்தின் ஓரத்தைத் தடவுகிற விரலும் கூடவே வந்தன. நிமிர்ந்தபோது சொட்டு மேடம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சவில்லை. காத்திருந்தார்.

"பொருந்தலை சார்" என்றார் ஸ்டிரைக்கர்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மஞ்சள் எப்படிப் பச்சையோடு பொருந்தும்? இப்படி ஒரு சமாதானத்தை அவர் அன்று முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். அது வாயிலேயே கசந்தது.

மேடத்தின் ஒப்பந்தம் அத்தோடு முடிந்தது. பாய்லரை மறுபடி டீசலுக்கு மாற்றினார்கள். வார முடிவில் மேடம் தன் கண்ணாடிக் குடுவைகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது ஸ்டிரைக்கர் அவர் அறை வாசலில் போய் நின்றார். உள்ளே போகத் தைரியம் இல்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை. மேடம்தான் பேசினார், குடுவையைச் சுற்றியபடியே.

"போரிக் பவுடர் கையில பட்டா சோப்புப் போட்டு நல்லாக் கழுவுங்க. அந்தக் கையோட போய்ச் சாப்பிட்டுடாதீங்க. வீட்டுல குழந்தை வேற இருக்கு."

உங்களுக்குத் தெரியுமா மேடம் என்று கேட்டார் ஸ்டிரைக்கர். முதல் நாளே தெரியும் என்றார் மேடம். ஸ்பிரிட்டில் அதைப் போட்டால் பச்சையாக எரியும் என்பது கல்லூரியில் முதல் வருஷத்தில் பையன்கள் விளையாட்டுக்குச் செய்வது.

"அப்போ ஏன் மேடம் சொல்லலை?"

"சொன்னா உங்க வேலை போயிடும்னு நினைச்சேன். நீங்களே ஒருநாள் சொல்லுவீங்கன்னும் நினைச்சேன். அன்னைக்குப் பாய்லர்கிட்ட நான் சொல்லியிருந்தா, தோத்தவ சொல்ற சாக்குன்னு ஆயிருக்கும். நீங்க சொன்னாத்தான் எடுபடும்."

இவ்வளவுதான் சொன்னார். குரலில் கோபம் இருந்தால்கூட ஸ்டிரைக்கர் தாங்கியிருப்பார். பெட்டியைத் தூக்கி ஆட்டோ வரைக்கும் கொண்டுவந்து வைக்கிறேன் என்றார். வேண்டாம், கனமில்லை என்றார் மேடம்.

அன்றே ஸ்டிரைக்கர் இயக்குநர் அறைக்குள் நுழைந்துவிட்டார், அனுமதி கேட்காமல். உட்காரவில்லை. பவுடர், ஸ்பிரிட், மூடிய குழாய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். தன்னை வேலையை விட்டு அனுப்பிவிடுங்கள், மேடத்தைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றார். இடிமுழக்கம் வரும் என்று காத்திருந்தார். இயக்குநர் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"நானும் ஒரு காலத்துல கேரம் ஆடினவன்தான்" என்றார் இயக்குநர். "இங்க பாருங்க. நீங்க செஞ்சது பெரிய தப்பு. மன்றத்துப் பவுடரை ஆபீஸ் வேலைக்கு எடுக்கக் கூடாது. நாளையில இருந்து ஸ்டோர்ல முறையா கேட்டு வாங்கிக்கங்க. நிறத் துணைப்பொருள்னு ஒரு தலைப்புப் போடச் சொல்றேன். உண்மையைச் சொன்னீங்க, உங்க மனசுல பாரம் இறங்கிடுச்சு. வாரியத்துலயும் எல்லாம் ஒழுங்குக்கு வந்துடுச்சு. இப்படித்தான் ஒரு நிறுவனம் நேர்மையா நடக்கணும்."

"அப்போ மேடம், சார்?"

"அவங்க எண்ணெய் மஞ்சள். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? பொருந்தலைன்னு நீங்கதானே சொன்னீங்க."

ஸ்டிரைக்கர் வெளியே வந்தார். வேலை போகவில்லை. போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். படியில் எதிர்ப்பட்ட நிறக் குழுத் தலைவர் வழக்கம்போல் வணக்கம் சொன்னார். பதிலுக்குக் கையைத் தூக்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது. நேராகச் சலவைக்கூடத்துக்குப் போனார். எதற்குப் போகிறோம் என்று தெரியாமல்தான் போனார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் திட்டவில்லை. கேனின் அடியில் மிஞ்சியிருந்த மேடத்தின் எண்ணெயை ஒரு இருமல் மருந்துப் புட்டியில் ஊற்றி மூடி அவர் கையில் கொடுத்து, "கொண்டுபோய் வீட்டுல வச்சுப் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் மனைவி உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் பாடப் புத்தகத்தோடு அவருக்காகக் காத்திருந்தாள். மறுநாள் அறிவியல் பரீட்சை. ஸ்டிரைக்கர் அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். ஒரு சின்னக் கிண்ணத்தில் புட்டி எண்ணெயை ஊற்றி, பழைய துணியைத் திரித்துப் போட்டு, அவள் எதிரில் தரையில் வைத்துப் பற்றவைத்தார். மஞ்சளாக எரிந்தது. புகை இல்லை, நாற்றம் இல்லை. சாயங்கால வெளிச்சத்தில் பார்க்க அழகாகவே இருந்தது.

"இது என்னப்பா?"

"இதுதான்மா பாசி எண்ணெய்."

மகள் சிரித்தாள். "யாரோ உங்களை நல்லா ஏமாத்தியிருக்காங்கப்பா. பாசி பச்சையாத்தான் எரியும். நீங்களே காட்டியிருக்கீங்க" என்று புத்தகத்தைப் பிரித்தாள்.

அவர் புத்தகத்தை மூடினார். மூடிவிட்டுச் சொன்னார், எல்லாவற்றையும். கேரம் பவுடரிலிருந்து ஆரம்பித்து, பாய்லர் முன்னால் அட்டையைப் பிடித்தது வரைக்கும், மேடம் ஆட்டோவில் ஏறியது வரைக்கும். சொல்லச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் நெஞ்சில் ஏதோ இளகியது. ஒரு ஆளிடமாவது சொல்லிவிட்டோம், அதுவும் இவளிடம். மகள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கிண்ணத்துச் சுடரைக் குனிந்து பார்த்தாள். கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்த்தாள். அப்பா சொல்வதை அவள் நம்பாமல் இருந்ததே இல்லை, இதையும் நம்பினாள்.

"அந்த மேடம் பாவம்" என்றாள். பிறகு யோசித்துவிட்டு, "அப்போ நாளைக்குப் பரீட்சையில மஞ்சள்னு எழுதிடறேன்ப்பா" என்றாள்.

ஸ்டிரைக்கர் கிண்ணத்தைப் பார்த்தார். மதிப்பெண் போய்விடும். டீச்சர் ஏன் என்று கேட்பார். இவள் அப்பா சொன்னார் என்பாள். புத்தகத்தில் இருக்கிற கையுறையின் அப்பா. அது பள்ளிக்கூடம் முழுக்கப் பரவும், தெரு வரைக்கும் வரும், வாசல் கொடிக்கு வரும். இவ்வளவும் ஒரு நொடியில் ஓடிவிட்டது.

"பச்சைன்னே எழுதும்மா" என்றார்.

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். சொட்டு மேடம் பாய்லர் பக்கத்தில் நின்று பார்த்த அதே பார்வை. இதில் இல்லாதது காத்திருப்பு மட்டும்தான்.

"சரிப்பா" என்றாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு, படிக்க உள்ளறைக்கு அம்மாவிடம் போனாள்.

கிண்ணத்தில் எண்ணெய் இன்னும் நிறைய இருந்தது. அது எரிந்துகொண்டிருந்தது. மகள் சாய்ந்துகொள்வதற்காகத் தோளைச் சாய்த்து உட்காருவது ஸ்டிரைக்கருக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது, அப்படியே உட்கார்ந்திருந்தார்.